வாத்தியார் பேனா மூடி

— கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவீங்களாமே?

— எவன் சொன்னான்?

— சந்தையே சொல்லுது. லுவோ மாஸ்டர் கையில செங்கொக்கு மார்க் பேனாவை வச்சா, பாக்காமலே எந்த மாடல்னு சொல்லிடுவாராம்.

— இந்த வயசுல என்னை வித்தை காட்டச் சொல்றியா? வேணும்னா வாங்கு. வேணாம்னா பேனாவைக் கண்ணாடி மேல வச்சுட்டு நகரு. பின்னாடி ஆளு நிக்குது.

— பின்னாடி யாரும் இல்லியே.

— வருவாங்க.

— எனக்கென்ன வந்துது, ஆனா அவர் சொல்லுவாரும்மா. பக்கத்துல பதினோரு வருஷமா கடிகாரக் கடை போட்டிருக்கேன். ஒரு ஞாயித்துக்கிழமை கூட அவர் சொன்னது தப்பினதில்ல.

— ஜின், உன் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கற வேலையைப் பாரு.

— கொடுத்துக்கிட்டுத்தான் பேசறேன், லுவோ அண்ணே. கைதானே கொடுக்குது, வாய் சும்மாதானே இருக்கு.

— சரி, வை. கண்ணை மூடியாச்சு. உள்ளங்கையில வை, விரல்ல வைக்காதே. ம். இது நடு. குமாஸ்தா பேனா.

— இது?

— சின்னது. பள்ளிக்கூடப் பேனா.

— இது?

— பெரிசு. வாத்தியார் பேனா. கிளிப்பை மாத்திக் கொண்டாந்திருக்கே, என்னை ஏமாத்தறதுக்கு. கிளிப்பை மாத்தலாம், உடம்பை மாத்த முடியுமா?

— எப்படித்தான் சொல்றீங்க? மூணும் ஒரே கறுப்பு, மூணுலயும் அதே கொக்கு. மாடல் பேரு எங்கயும் இல்ல.

— அந்த ஃபாக்டரிக்காரன் பேரே வைக்கல. மூணு அளவு போட்டான், அவ்வளவுதான். பெரிசோட வாலை உள்ளங்கை அடியில வச்சா தலை நடுவிரலோட நடுக் கணுவைத் தாண்டும். குமாஸ்தா பேனா அந்தக் கணுவுலயே நின்னுடும். பள்ளிக்கூடப் பேனா விரல் முளைக்கற இடத்தைத் தாண்டறதுக்கே மூச்சு வாங்கும். இதுல என்ன வித்தை? பிள்ளையைத் தூக்கின தாய்க்கு எடை தெரியாதா?

— உங்களுக்குப் பிள்ளைங்க உண்டா?

— கிடையாது. பேனா வாங்கறியா?

— இந்தப் பெரிசு என் பேனா. கொஞ்சம் மை மட்டும் ஊத்திக் கொடுங்க, ஓடுதான்னு பாத்துக்கறேன்.

— இந்தா. அந்தப் பேப்பர்ல கிறுக்கிப் பாரு. ஏம்மா, பக்கம் பூரா வெத்து இடம் கிடக்கு, போயும் போயும் அந்த நடிகை மூஞ்சியிலதான் கிறுக்கணுமா?

— பழைய பேப்பர்தானே.

— நான் இன்னும் படிக்கல.

— கை பாட்டுக்குப் போகுது, நான் என்ன பண்ண? இருபது வருஷம் பஸ்ல கண்டக்டர். கையில பென்சில் இருந்தா எதையாவது கிறுக்கிக்கிட்டேதான் இருக்கும். பரவாயில்லை, மை நல்லா இறங்குது.

— அந்தப் பேப்பரை இங்க கொடு.

— என்ன அப்படிப் பாக்கறீங்க? ஒரு பேப்பர் போனதுக்கா?

— உன் பேரு என்னம்மா?

— மை ஊத்தறதுக்குப் பேரு வேணுமா?

— நீ ஃபாங் வாத்தியார் பொண்ணு. சுயிங்.

— அட! ஜாடையில கண்டுபுடிச்சீங்களா? எல்லாரும் எனக்கு அப்பாவோட மூக்குன்னு சொல்லுவாங்க.

— மூக்குன்னே வச்சுக்கோ.

— ரைட். அப்ப இனிமே நீங்க, மாஸ்டர், மண்ணாங்கட்டி ஒண்ணும் கிடையாது. யோவ் லுவோ, நான் எதுக்கு வந்திருக்கேன்னு தெரியுதா?

— தெரியுது. கல்லு கொண்டாந்திருக்கியா? உங்க அத்தை கொண்டாந்தா. எங்க கடைக் கண்ணாடி மூணு தடவை உடைஞ்சுது.

— எங்க அத்தை கை பலமில்லாதவ. நானா இருந்தா கண்ணாடியோட விட்டிருக்க மாட்டேன்.

— எனக்கென்ன வந்துது, ஆனா எதுக்கும்மா இப்படிக் கத்தறே? அந்தாளு வம்பு தும்புக்குப் போகாத மனுஷன்.

— வம்பு தும்புக்குப் போகாத மனுஷனா? அக்கா, உங்க பேரு என்ன, ஜின்னா? ஜின் அக்கா, நீங்க நல்லாக் கேளுங்க. சந்தையே கேக்கட்டும். அறுபத்தெட்டாம் வருஷம், கலாச்சாரப் புரட்சி நேரம். எங்கப்பா வேலை பாத்த ஸ்கூல்ல, தாழ்வாரச் சுவத்துல கமிட்டித் தலைவர் போட்டோ போட்ட நோட்டீஸ் ஒண்ணு. ஒரு நாள் காலையில பாத்தா, அந்தத் தலைவர் மூஞ்சியில யாரோ மையால கோடு போட்டிருக்கான். எத்தனை கோடு? நாலு. கீழ ஒரு பேனா மூடி கிடக்கு. கறுப்பு. செங்கொக்கு.

— ஐயோ, அந்தக் காலத்துல கோடு போட்டாலே போதுமே.

— போதும்தான். மூடி யாருதுன்னு ஊரெல்லாம் தேடினாங்க. தெருமுனையில ஒரு பேனாக் கடை. அங்க பத்தொம்பது வயசுல ஒரு கெட்டிக்காரன் வேலை பாத்தான். சட்டைப் பையில நாலு பேனா குத்திக்கிட்டுத் திரிவான்.

— ஒரு பேனா குத்தினவன் ஆரம்பப் பள்ளி, ரெண்டு குத்தினவன் நடுப் பள்ளி, மூணு குத்தினவன் காலேஜ், நாலு குத்தினவன் பேனா ரிப்பேர்காரன். அந்தப் பழைய கிண்டல்தானே? சொல்லு, சொல்லு.

— அந்த நாலு பேனாக்காரனைக் கூட்டிக்கிட்டுப் போய் நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. எந்த மாடல் மூடின்னு கேட்டாங்க. இவன் அடிக்கோலை எடுத்து நீளத்தை அளந்தான். அறுபத்திரண்டு மில்லிமீட்டர். 'பெரிசு, வாத்தியார் பேனா'ன்னான். அந்த ஸ்கூல்ல பெரிசு வச்சிருந்த ஒரே ஆளு எங்கப்பா. முடிஞ்சுது கதை. பத்து வருஷம் உப்பளத்துல கைதியா வேலை. நாலு கோட்டுக்குப் பத்து வருஷம்! கோட்டுக்கு ரெண்டரை வருஷம்!

— லுவோ அண்ணே, நிஜமா?

— அளந்தது நிஜம். சொன்னதும் நிஜம்.

— ஒத்துக்கறானே! அசராம ஒத்துக்கறான் பாருங்க! எங்கம்மா பஞ்சாலையில ரெண்டு ஷிப்ட் பாத்தா. நான் மூடி இல்லாத பேனாவுல படிச்சவ. நிப்பு உடையாம இருக்க எங்கம்மா பழந்துணியைச் சுத்திக் கொடுத்தா. கிளாஸே சிரிச்சுது. பரீட்சையில முதல் மார்க்கு வாங்கினேன், வாங்கி என்ன? 'அப்பன் என்ன பண்ணான்?'னு ஒரு கட்டம் இருக்கும் அப்ளிகேஷன்ல. அந்த ஒரு கட்டத்துல என் காலேஜ் போச்சு. அப்புறம் கழுத்துல பையை மாட்டிக்கிட்டு, 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு இருபது வருஷம்.

— எனக்கும் நின்னு போச்சு. கல்யாணம்.

— அடடா. அழட்டுமா?

— வேணாம். வெய்ஷென்னு ஒரு பொண்ணு. நாள் குறிச்சாச்சு, போர்வை தைச்சாச்சு. காட்டிக் கொடுத்தவன் வீட்டுல பொண்ணு கொடுக்க மாட்டோம்னு போர்வையைத் திருப்பி அனுப்பிட்டாங்க. உங்க அத்தை என் நூடுல்ஸ் கிண்ணத்துல துப்பினா, தெருவே பாத்துக்கிட்டு நின்னுது. இது ஒரு கணக்குக்குச் சொன்னேன். நீ உன் கதையை முடி.

— துப்பினது பத்தல. ரைட், விஷயத்துக்கு வரேன். எங்கப்பா போன குளிர்காலம் போய்ச் சேந்தார்.

— தெரியும்.

— தெரிஞ்சும் வரல.

— வந்திருந்தா உள்ள விட்டிருப்பியா?

— செருப்பு எங்க இருக்குன்னு தேடியிருப்பேன். செத்தவங்களைக் கும்பிடற சிங்மிங்குக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. சமாதிக்குப் போறேன். பணக் காகிதம் எரிப்பேன், காகிதச் சட்டை எரிப்பேன். கூட இன்னொரு காகிதமும் எரிக்கணும். அதை நீ எழுதித் தரே. உன் கையால, உன் பேனாவால. 'நான் லுவோ கென்ஃபா, அன்னிக்குச் சொன்னது பொய். அந்த மூடி பெரிசு இல்ல'ன்னு. அந்தப் புகை அவர்கிட்ட போய்ச் சேரணும். அவ்வளவுதான் நான் கேக்கறது. உன் தலையைக் கேக்கல.

— பொய்யின்னு யார் சொன்னா உனக்கு?

— பேனாவே சொல்லுச்சு. எழுபத்தொம்பதுல கேஸை ரத்து பண்ணிட்டு, சாமானையெல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில போட்டுக் கொடுத்தாங்க. மூடியும் அதுலதான் வந்துது. எங்கப்பா அந்தப் பெட்டியைப் பரண்ல போட்டார், சாகற வரைக்கும் தொடல. போனப்புறம் நான் இறக்கினேன். அவரோட பழைய பேனா மூடி இல்லாமலே கிடந்துது. பெட்டியில மூடி கிடந்துது. பாவம், ரெண்டையும் சேத்து அவரோட புதைச்சுடலாம்னு திருகினேன். ஏறல. சுத்தமா ஏறல! இதோ, உன் முன்னாடியே திருகறேன், பாரு. இப்பத்தான் மை ஊத்தினியே, 'வாத்தியார் பேனா'ன்னு நீயே சொன்னியே, இதுதான் அது! இதுக்கு இப்ப மாட்டியிருந்தது சந்தையில வாங்கின மூடி. இந்தா, இது அந்தப் பழைய மூடி. ஏறுதா?

— அவசரப்படாதே, மரை கெட்டுடும்.

— கெடட்டும்! ஏறுதா இல்லையா?

— ஏறாது.

— ஏன் ஏறாது?

— பழசு. சுருங்கியிருக்கும். அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் சுருங்கும்.

— அதையும் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். சுருங்கினா ஒரு தலைமுடி கனம்தான் சுருங்கும். இது ஒரு மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம். நாலு மாசமா நான் சும்மா உக்காந்திருக்கேன்னு நினைச்சியா? ஞாயித்துக்கிழமையானா சூச்சோ சந்தை, ஹாங்ச்சோ சந்தைன்னு அலைஞ்சேன். குமாஸ்தா பேனா ஒண்ணு வாங்கினேன், பள்ளிக்கூடப் பேனா ஒண்ணு வாங்கினேன். இந்தா, வெர்னியர். நான் அளக்கறேன், அக்கா நீங்க படிங்க. உங்க கண்ணு நல்லாத் தெரியுமில்ல?

— கடிகாரக்காரி கண்ணும்மா. கொடு. எனக்கென்ன வந்துது, ஆனா ஒழுங்கா அளக்கணும். ம், பெரிசோட மூடி நீளம் அறுபத்திரண்டு. நடுவும் அறுபத்திரண்டு. சின்னது… அட, இதுவும் அறுபத்திரண்டேதான்!

— பாத்தீங்களா? மூணுக்கும் மூடி ஒரே நீளம்! நீளத்தை அளந்து மாடல் சொல்றது, எல்லா பஸ்ஸுக்கும் நாலு சக்கரம்னு பாத்து ரூட்டு சொல்ற மாதிரி. இப்ப வாயை அளங்க. மூடியோட வாய்.

— பெரிசு பன்னெண்டு. நடு பதினொண்ணேகால். சின்னது பத்தரை. சரி, அந்தக் கேஸ் மூடியைக் கொடு. பத்து… பத்தரை.

— பத்தரை! பள்ளிக்கூடப் பேனா! யோவ் லுவோ, கண்ணைக் கட்டிக்கிட்டு மாடல் சொல்றவனே, உனக்கு அன்னிக்கு வாயை அளக்கணும்னு தெரியாதா?

— பேனாக் கடையில வேலைக்குச் சேந்த முதல் நாளே அதுதான் சொல்லிக் கொடுப்பாங்க. மூடின்னா வாயைப் பாருன்னு.

— அப்ப உனக்குத் தெரியும்.

— தெரியும்.

— தெரிஞ்சே சொன்னே.

— தெரிஞ்சேதான் சொன்னேன். கமிட்டியில இருந்த எவனுக்கும் பேனாவைப் பத்தித் தெரியாது. அடிக்கோலைக் காட்டினேன், நம்பிட்டானுங்க.

— கேட்டீங்களா அக்கா? காது குளிர்ந்துதா? எனக்கு முப்பத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் வயிறு குளிருது. எடு காகிதத்தை. எழுது.

— எழுத மாட்டேன்.

— என்னது?

— வேற எது வேணும்னாலும் எழுதித் தரேன். லுவோ கென்ஃபா நாய், கோழை, மனுஷனே இல்ல, எது வேணா சொல்லு, பெரிய எழுத்துல எழுதிக் கையெழுத்துப் போடறேன். அந்த மூடி சின்னதுன்னு மட்டும் எழுத மாட்டேன். அதுவும் உங்கப்பாகிட்ட போற காகிதத்துல சத்தியமா எழுத மாட்டேன்.

— வாயால சொல்லியாச்சு, கையால எழுதினா என்ன கேடு?

— வாயால சொன்னதே தப்பு. உன் வெர்னியரைப் பாத்ததும் வாய் தவறிடுச்சு. பேனாக்காரன் புத்தி, அளவை யாராவது தப்பாச் சொன்னாலும் பொறுக்காது, சரியாச் சொன்னாலும் ஆமான்னு சொல்லாம இருக்காது. வீட்டுக்குப் போ, சுயிங்.

— என்னை வீட்டுக்குப் போன்னு சொல்ல நீ யாரு?

— யாரும் இல்ல. போ. காகிதச் சட்டையை எரி, பிடிச்ச சாராயத்தை ஊத்து, கும்பிட்டுட்டு வா. உங்கப்பா உன்கிட்ட இதைக் கேட்டாரா? ஒரு நாளாவது என்னைத் திட்டினாரா?

— அதுதான்யா எனக்கு வயித்தெரிச்சல்! ஒரு வார்த்தை திட்டல. நான் உன்னைத் திட்டினா எழுந்து போயிடுவார். உப்பளத்துல இருந்து வந்ததுக்கு அப்புறம் அவருக்கு இருந்த ஒரே ஊர்சுத்தல், புது வருஷத்து ரெண்டாம் நாள் மட்டும்தான். ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கிட்டு யாரோ பழைய சினேகிதன்னு கிளம்புவார். மத்த நாளெல்லாம் ஜன்னலோரம். அந்த மனுஷனை அப்படி உக்கார வச்சது நீ.

— அட, ரெண்டாம் நாள் ஆரஞ்சா? லுவோ அண்ணே, உங்க வீட்டுலயும் ரெண்டாம் நாள் வந்தா ஆரஞ்சு இருக்குமே. எங்களுக்குக் கூடக் கொடுப்பீங்களே, யாரோ ஒரு வாத்தியார் கொண்டாந்த…

— ஜின்! வாயை மூடு!

— என்ன சொன்னீங்க அக்கா?

— ஒண்ணும் இல்ல. அவ உளர்றா.

— யாரோ ஒரு வாத்தியார்னு சொன்னாங்களே. எங்கப்பா உன் வீட்டுக்கா வந்தார்? உன் வீட்டுக்கா ஆரஞ்சு கொண்டாந்தார்? எதுக்கு? உன்னை மன்னிச்சுட்டாரா? அவர் மன்னிப்பார், அவர் அப்படித்தான். எதிர்ல பஸ் வந்தாலும் ஒதுங்கி நின்னு வணக்கம் சொல்ற ஆளு. நான் மன்னிக்க மாட்டேன். கேளு, இந்தப் பையில அந்தக் கேஸ் காகிதத்தோட நகல் நூறு இருக்கு. உன் கையெழுத்தோட. ஒவ்வொரு கடையிலயும் ஒட்டுவேன். அடுத்த ஞாயித்துக்கிழமை உன்கிட்ட எவன் நிப்பு வளைக்க வரான்னு பாக்கறேன்.

— ஒட்டிக்கோ. பசை வேணுமா?

— திமிரைப் பாரு! யாருக்காகய்யா பண்ணே? சின்னப் பேனான்னா ஏதோ ஒரு பையனோடது. எவன் பெத்த பையன்? கமிட்டிக்காரன் மகனா? அவன் வீட்டு எச்சில் சோத்துக்காக எங்கப்பாவைத் தூக்கிக் கொடுத்தியா? எத்தனை கிலோ அரிசி? சொல்லு, எத்தனை கிலோ அரிசிக்கு எங்கப்பாவை வித்தே?

— போதும்.

— போதாது. பன்னிக்குப் பொறந்த அந்தப் பையன் இன்னிக்கு எங்கயோ காரு, பங்களான்னு உக்காந்திருப்பான். அவனுக்குத் தெரியுமா, அவன் போட்ட கோட்டுக்கு எங்கப்பா விரல் உப்புல வெந்துதுன்னு? அவன் நாசமாப் போகணும். அவன் வம்சம் விளங்காம…

— நிறுத்துடீ! உன்னை நீயே சபிச்சுக்காதே!

— என்ன சொன்னே?

— ஒண்ணும் சொல்லல.

— இல்ல, சொன்னே. என்னை நானேன்னு சொன்னே.

— வாய் தவறிடுச்சு. இன்னிக்கு ரெண்டாவது தடவை. ஜின், தண்ணி கொடு. எனக்கு இல்ல, அவளுக்கு. நானும் மனுஷன்தானே. முப்பத்தெட்டு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருக்கேன். என் பேரு போச்சு, வெய்ஷென் போனா, என் கிண்ணத்துல எச்சில் விழுந்துது, எதுக்கும் வாயைத் திறக்கல. இப்ப அரிசிக்கு வித்தேன்னு சொல்றா. அரிசிக்கு!

— பேசு. முழுசாப் பேசிட்டு இறங்கு.

— அன்னிக்குக் காலையில கடைக் கதவைத் திறக்கறேன், உங்கப்பா நிக்கறார். பையில பேனா இருக்கு, மூடி இல்ல. நிப்பு சட்டையில மையைக் கக்கியிருக்கு. அவர் அதைக் கவனிக்கவே இல்ல. 'என் மூடியை அடுப்புல போட்டுட்டேன், கென்ஃபா'ன்னார். 'இன்னிக்கு உன்கிட்ட ஒரு மூடி கொண்டு வருவாங்க. பெரிசுன்னு சொல்லு'ன்னார். நான் மாட்டேன்னேன். காலைப் பிடிச்சார். ஒரு வாத்தியார், பத்தொம்பது வயசுப் பையன் காலை.

— பொய்.

— 'உண்மையைச் சொன்னா வீட்டுல மூணு பேரும் போவோம். குழந்தைக்கு எவன் சொல்லிக் கொடுத்தான்னு கேப்பாங்க, நானும் போவேன், அவ அம்மாவும் போவா, குழந்தை எங்கயோ போயிடும். பெரிசுன்னா நான் ஒருத்தன் போறதோட முடியும்'னார். அப்புறம் இன்னொண்ணு சொன்னார். 'அவளுக்கு என்னிக்கும் தெரியக் கூடாது. அவ உன்னை வெறுத்துட்டுப் போகட்டும், அது அவளுக்கு நல்லது'ன்னார். இப்ப நீ அவர் சமாதியில போய் 'அது பெரிசு இல்ல'ன்னு எரிக்கப் பாக்கறே. நான் எப்படிடீ எழுதுவேன்?

— பொய், பொய். எல்லாம் பொய். செத்தவரைச் சாட்சிக்குக் கூப்பிடறே. சாட்சி எங்க? காட்டு!

— காட்டக் கூடாதுன்னுதான் வச்சிருந்தேன். ஜின், என் சுருட்டு டப்பாவை எடு, அடியில இருக்கறது. உங்கப்பா எண்பதாவது வருஷம் ஆரஞ்சோட இதையும் கொண்டாந்தார். வீட்டுல இருக்க வேணாம், எறியவும் மனசு வரலைன்னார். இந்தா. மூடி இல்லாத சின்னப் பேனா. உன் கையில இருக்கற மூடியை இதுல திருகு.

— இதுலயா?

— திருகு. மரை கெடாம, மெதுவா.

— ஏறுது.

— ஏறும்.

— இது யாரு பேனா?

— வாலைப் பாரு. கணக்கு வரலைன்னா பேனா வாலைக் கடிக்கற பிள்ளைங்க உண்டு. பல் தடம் இருக்கும். முன்பல்லு ஒண்ணு விழுந்து போன பல் வரிசை. நீ முதல் வகுப்புல சேந்தன்னிக்கு உங்கப்பா எங்க கடையில ரெண்டு பேனா வாங்கினார், அவருக்கு ஒரு பெரிசு, உனக்கு ஒரு சின்னது. நாந்தான் மை ஊத்திக் கொடுத்தேன்.

— அம்மா பழந்துணி சுத்தின பேனா. நிப்பு உடையாம இருக்கச் சுத்தினாங்க…

— மூடி தொலைஞ்சுதுன்னு யாரும் கேக்கக் கூடாதுன்னும் சுத்தியிருப்பா.

— இருக்கட்டும்! அதனால என்ன? ஏழு வயசு எனக்கு! தாழ்வாரத்துல ஓடியிருப்பேன், மூடி விழுந்திருக்கும். விழுந்த மூடிக்கு நான் பொறுப்பா? கோடு போட்டது வேற எவனோ. நான் நோட்டீஸ்ல எல்லாம் எதையும் அடிச்சதில்ல! தலைவர் மூஞ்சியை அடிக்கணும்னு எனக்கு என்ன தெரியும்? அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது!

— தெரியாதுதான். அதான் உங்கப்பாவும் சொன்னார். உன் கேஸ் காகிதத்துல என்ன எழுதியிருக்கு? படி.

— 'தலைவரின் முகத்தைக் கெடுக்கும் நோக்கத்தோடு நாலு கோடுகள். மூக்கின் இடப் பக்கம் ரெண்டு, வலப் பக்கம் ரெண்டு.'

— அது அடிச்ச கோடுன்னு அவனுங்க நினைச்சானுங்க. அது அடிச்ச கோடு இல்ல. எங்க கடை பில் புஸ்தகத்துலயும், காலண்டர்லயும், மை டப்பா மேல இருந்த பொம்மையிலயும் நீ அதே கோட்டைப் போட்டுட்டுப் போயிருக்கே.

— பின்ன என்ன கோடு அது?

— ஜின், அந்தப் பேப்பரை எடு. இவ வந்ததும் மை ஓடுதான்னு கிறுக்கிப் பாத்தாளே, அந்த நடிகை இருக்கற பக்கம். அவகிட்ட காட்டு.

— எனக்கென்ன வந்துது, ஆனா… ஐயே, என்னம்மா இது, லட்சணமா இருந்த பொண்ணு மூஞ்சிக்கு இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டுன்னு பூனை மீசை போட்டு வச்சிருக்கே?